இருபத்தாறாவது பீடி

முக்கூடல் கிளையில் நான் செக்கர்.
கட்டுக்கு இருபத்தைந்து.
தலை மடங்காதது, இடை ஊதியது, நூல் நழுவியது
எல்லாம் என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
கழித்ததற்குக் கூலி கிடையாது.
பதினோரு வருஷமாக
வாசலில் என்னைக் கண்டதும் பெண்கள்
சேலைத் தலைப்பால் வாயை மூடி ஏதோ சொல்வார்கள்.
என்னவென்று நான் கேட்டதில்லை.

பங்குனிக் கடைசியில் கடைவாய்ப்பல் கிளம்பியது.
கிளம்பியது என்பதுதான் சரி.
தாடையில் புறப்பட்டு, காதுக்குப் போய்,
பொட்டில் ஏறி நின்று,
கடைசி பஸ் போன பிறகும்
தெருத்தெருவாக என்னை நடத்தியது.
கிராம்பு வைத்தேன். உப்பு வைத்தேன்.
பல் டாக்டர் அம்பாசமுத்திரத்தில்,
செவ்வாயும் வெள்ளியும் மட்டும்.
அன்றைக்குப் புதன்.

வியாழன் காலை
பதினேழுக்குப் பிறகு எண்ணே வரவில்லை.
"மூஞ்சி வீங்கிக் கெடக்கே, செக்கரய்யா"
என்றாள் சொர்ணக்கிளி.
முந்தின நாள்தான் அவளுடையதில் நாற்பது கழித்திருந்தேன்.
பதில் சொல்ல வாய் திறக்கவில்லை.
அதை அவள் ரசித்தாள் என்றே நினைக்கிறேன்.

சாயங்காலம் பாப்பாக்குடி ரோட்டோரம்
சுடுகாட்டுக்குத் திரும்பும் இடத்தில்
குனிந்து எதையோ பறித்துக்கொண்டிருந்தாள்.
ஆடு தொடாத செடி.
தரையோடு தரையாகப் படுத்து
இலையின் நடுநரம்பில்கூட முள் வைத்து
யாரும் வராதே என்கிற செடி.
அதற்குப் போய் ஊதாப்பூ.
கசங்கின பட்டுத்துணி மாதிரி இதழ்,
நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டு.
ஐந்து.
எனக்கு எண்ணாமல் இருக்க முடியாது.
கழிக்க ஒன்றுமில்லை.

"கண்டங்கத்திரி" என்றாள், கேட்காமலே.
"தூளு நெஞ்சுல படிஞ்சவளுக்கு
இத வேரோட சதைச்சு
ஆடாதொடையும் திப்பிலியும் சேத்து
எட்டுக்கு ஒண்ணாக் காய்ச்சிக் குடுக்கணும்.
எங்க தெருவுல இது கொதிக்காத வீடு
ரெண்டோ மூணோதான்.
உங்க கம்பெனிக்கு அது தெரியுமா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
மஞ்சள் மங்கிக் காய்ந்த பழங்கள்.
கல்லில் வைத்து விதையோடு நுணுக்கினாள்.
இடுப்பிலிருந்து ஓர் இலை எடுத்தாள்.
கம்பெனி இலை.
அவள் எடுத்திருக்கக் கூடாது.
நான் பார்த்திருக்கக் கூடாது.

பொடியைப் பரப்பி
விரல் ஒரு தடவை புரண்டது, அவ்வளவுதான்.
தலை மடங்கி, நூல் விழுந்து, நூல் அறுந்து
பீடி என் கையில் இருந்தது.
பதினோரு வருஷத்தில்
சுற்றுவதை நான் பார்த்ததே இல்லை.
எனக்கு வருவதெல்லாம் சுற்றி முடித்தது.

"பொகைய முழுங்காதீங்க.
பல்லு மேல நிப்பாட்டுங்க.
எச்சியத் துப்பிக்கிட்டே இருங்க. பூச்சி விழும்."

பூச்சி விழவில்லை.
டார்ச் அடித்துத் தேடினேன், வெறும் எச்சில்.
எரிகிற மிளகாயும் பழைய வைக்கோலும் கலந்த
ஒரு நாற்றம் மட்டும் அறையில்.
ஆனால் தாடை
பிடித்த பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது.
மூன்று மணி நேரம் தூங்கினேன்.
வெள்ளிக்கிழமை அம்பாசமுத்திரத்தில் பல்லைப் பிடுங்கினார்கள்.
தீர்ந்தது அதனால்தான்,
அந்த மூன்று மணி நேரம் இதனால்.

சனிக்கிழமை அவள் கட்டுகள் வந்தன.
இரண்டாவதில் தலை மடங்காதது ஒன்று.
என் கட்டைவிரல் அதன் மேல் நின்றது.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கழித்தேன்.

"சரி, கழிங்க.
அன்னைக்கி ரோட்டோரம் சுத்துனேனே
இருபத்தாறாவது,
அதுக்கு யாரு கூலி போடுவா?"
பாஸ்புக்கை நீட்டினாள்.

வாசலில் நின்ற அத்தனை பேரும்
தலைப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள்.
சிரிப்பு ஓயும் முன்பே இருமல்.
ஒருத்தி தொடங்கினாள்,
அப்புறம் அடுத்தவள்,
அப்புறம் படிக்கட்டில் பிள்ளையோடு இருந்தவள்.

நான் எண்ணினேன்.